உவமை எங்கே உடைகிறது? உங்கள் உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி மாணவர்களுக்காக மின்சாரம் பற்றி எளிய தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மின்னழுத்தத்தை நீர்த்தொட்டியின் உயரத்துக்கும், மின்னோட்டத்தைக் குழாயில் ஓடும் தண்ணீருக்கும், மின்தடையைக் குழாயின் குறுகலுக்கும் ஒப்பிட்டிருந்தேன். படித்துப் பார்த்த ஒரு சிறுமி கேட்டாள்: "குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். கம்பியை வெட்டினால் மின்சாரம் கொட்டுமா?"

கொட்டாது, ஓட்டமே நின்றுவிடும். நான் சொன்ன உவமைதான் அவளை அந்தக் கேள்விக்குக் கொண்டுபோயிருக்கிறது. அன்றிலிருந்து கட்டுரை நகரவில்லை.

தொல்காப்பியம் உவமைக்கு வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என நான்கு அடிப்படைகளைச் சொல்கிறது. புலிப்பாய்ச்சல், மழை போன்ற கொடை, துடியிடை, பவளவாய் என்று மனப்பாடமாகப் படித்தோம். இவற்றில் ஏதாவது ஒரு பண்பு பொருந்தினால் போதும். பவளவாய் என்றால் யாரும் வாயைத் தட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் விளக்க உரைநடையில் வாசகர் மற்ற பண்புகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். எனக்குச் சிக்கல் இங்கேதான்.

அறிவியலோ கணக்கோ எழுதுகிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்: உவமை பொருந்தாத இடத்தை முதலிலேயே சொல்லிவிடுவீர்களா, கேள்வி வரும்வரை விடுவீர்களா? ஒரே பொருளுக்கு இரண்டு உவமைகள் வைத்தால் தெளிவு கூடுமா, குழப்பமா? முதலிலேயே சொல்வதுதான் நேர்மை என்று தோன்றுகிறது, ஆனால் அதில் விளக்கத்தின் ஓட்டம் தடைபடுகிறது. நீங்கள் எழுதிய பத்தி ஏதாவது இருந்தால் பகிருங்கள், கற்றுக்கொள்கிறேன்.