புதுப்பிப்பு: குப்பைத்தொட்டி படம் இப்போது மாறுகிறது

என் விண்டோஸ் கணினித் திரையில் உள்ள குப்பைத்தொட்டியை (ரீசைக்கிள் பின்) காலி செய்தாலும் நிறைந்த தொட்டியின் படமே நிற்கிறது, திரையைப் புதுப்பிக்கும் எஃப்5 விசையை அழுத்தினால்தான் மாறுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? ஐகான் கேஷை (விண்டோஸ் சேமித்து வைக்கும் ஐகான் படங்களின் தொகுப்பை) அழித்தும் பலனில்லை. தொட்டிக்கு நானே வேறு படங்கள் வைத்திருந்ததைச் சொல்லாமல் விட்டது என் தவறு. சிக்கலே அங்கேதான்.

ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) தொட்டிக்கான டிஃபால்ட்ஐகான் பகுதியில் டிஃபால்ட் (இயல்பு), எம்ப்டி (காலி), ஃபுல் (நிறைந்தது) என மூன்று மதிப்புகள். எம்ப்டி, ஃபுல் இரண்டிலும் படக் கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் பாதை '.ico' என்று முடிந்திருந்தது. அதன் பின்னால் இடைவெளி விடாமல் ஒரு காற்புள்ளியும் பூஜ்ஜியமும் (,0) சேர்த்தேன். (பயத்தில் அந்தப் பகுதியை முதலிலேயே எக்ஸ்போர்ட் செய்து, ஒரு நகல் வைத்துக்கொண்டேன்.)

அப்புறம் வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, ஒரு வெற்று ஃபைலைத் தொட்டியில் போட்டேன். நிறைந்த படம் வந்தது. காலி செய்தேன், உடனே காலிப் படமாக மாறியது. ஒரு காற்புள்ளிக்கு இரண்டு நாள்! படத்தை மறுபடி மாற்றினால் இதையும் மறுபடி சேர்க்க வேண்டும்.