தானியங்கி நீர் மாற்று வைத்தபின் பவளத் தொட்டியில் உப்பு இறங்கிக்கொண்டே போகிறது – எங்கே பார்ப்பது?

நீலத்தொட்டி:

வணக்கம். கடல்நீர்த் தொட்டிக்கு நானே ஒரு தானியங்கி நீர் மாற்று அமைத்து ஓட்டுகிறேன். பக்கெட் தூக்கும் வேலை ஒழிந்தது, சந்தோஷம்தான். ஆனால் சுமார் ஆறு வாரத்தில் தொட்டியின் உப்பளவு 35 பி.பி.டி.யிலிருந்து (ஒரு கிலோ தண்ணீரில் 35 கிராம் உப்பு) 33க்கு வந்துவிட்டது. காரணம் பிடிபடவில்லை.

அமைப்பு இதுதான். தொட்டியும் சம்ப்பும் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) சேர்த்து, பாறை இடம் போக, தண்ணீர் சுமார் 300 லிட்டர். 12 வோல்ட் டி.சி. மோட்டார் வைத்த பெரிஸ்டால்டிக் பம்ப் (ரோலரால் ட்யூபை நசுக்கித் தண்ணீரைத் தள்ளும் வகை) இரண்டு. ஒன்று சம்ப்பிலிருந்து பழைய தண்ணீரை எடுத்து நேராகக் கழிவுக் குழாயில் விடும். இன்னொன்று தரையில் நிற்கும் 60 லிட்டர் டிரம்மிலிருந்து புது உப்புத் தண்ணீரை ஏற்றி சம்ப்பில் விடும். இரண்டு பம்ப்பும் சம்ப்புக்கு மேலே கேபினட் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஈ.எஸ்.பி. 32 கட்டுப்பாட்டு போர்டு அரை மணிக்கு ஒருமுறை இரண்டையும் ஒரே சமயத்தில் ஒரு நிமிடம் ஓட்டுகிறது. பொருத்துவதற்கு முன் மேசையில் வைத்து அளந்தபோது இரண்டுமே நிமிடத்துக்கு 83 மி.லி. கொடுத்தன. அந்தக் கணக்கில் நாளுக்கு 4 லிட்டர் மாறுகிறது.

ஆவியாகும் தண்ணீருக்குத் தனியாக ஏ.டி.ஓ. (மட்டம் குறைந்தால் சென்சார் பார்த்து நல்ல தண்ணீரைத் தானாக விடும் கருவி) இருக்கிறது. 25 லிட்டர் கேனில் ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீர் (உப்பெல்லாம் நீக்கிய சுத்தமான நீர்). முன்பெல்லாம் ஒரு கேன் ஆறு நாளுக்குக் குறையாமல் வரும், இப்போது அதற்கு முன்பே அலாரம் அடிக்கிறது. ஃபேன் வேகத்தைக் கூட்டியதால் இருக்கலாம்.

டிரம்மில் கலக்கும் தண்ணீர் எப்போது பார்த்தாலும் 35தான். மெக்னீசியம் லிட்டருக்கு 1350 மி.கி.யிலிருந்து 1270க்கு வந்திருக்கிறது. ஹாமர் பவளம் பாதிதான் விரிகிறது, அக்ரோபோரா பவளத்தின் நுனிகள் வெளிறித் தெரிகின்றன. உப்பு பிராண்டை மாற்றிப் பார்க்கவா?

உப்புக்காற்று:

பிராண்டைத் தொடாதீர்கள். முதலில் ரிஃப்ராக்டோமீட்டரை (ஒளிவிலகலை வைத்து உப்பளவு காட்டும் மீட்டர்) சந்தேகப்படுங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் விட்டு பூஜ்யம் வைத்தால் 35 பக்கம் சரியாகக் காட்டும் என்று உறுதியில்லை. வீட்டிலேயே சோதனைக் கரைசல் செய்யலாம்: 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடு. ஒளிவிலகலில் அது 35 பி.பி.டி. கடல்நீருக்குச் சமம். அதில் 35 காட்டும்படி திருகை வையுங்கள்.

அப்புறம் ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரித்துக் கப்பில் சேர்க்கும் கருவி) எப்படி ஓடுகிறது? கப்பில் டீ நிறத்தில் நிறையத் தண்ணீர் சேர்கிறதென்றால் அதுவும் உப்போடுதான் வெளியே போகிறது.

நீலத்தொட்டி:

கரைசல் செய்து பார்த்தேன், மீட்டர் சரியாக இருக்கிறது. தொட்டி 33, டிரம் 35, இரண்டும் நிஜம். ஸ்கிம்மர் கொஞ்சம் ஈரமாகத்தான் ஓடுகிறது, நாளுக்கு 100 மி.லி. இருக்கும். ஆனால் கையால் நீர் மாற்றிய காலத்திலும் அது அப்படித்தான் ஓடியது.

பழைய சம்ப்:

தம்பி, விடையின் பாதியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உப்பு 35லிருந்து 33 என்றால் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 6 குறைவு. மெக்னீசியம் 1350லிருந்து 1270, அதுவும் 6. மெக்னீசியத்தைப் பவளம் அவ்வளவு சீக்கிரம் தின்றுவிடாது. இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்குகிறதென்றால் தொட்டிக்குள் நல்ல தண்ணீர் கூடுதலாகப் புகுந்து நீர்த்துப் போகிறது. ஏ.டி.ஓ. கேன் சீக்கிரம் காலியாவதற்கும் ஃபேன் மேல் பழி போட வேண்டாம்.

கழிவு பம்ப் எடுப்பது நிரப்பு பம்ப் தருவதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று வையுங்கள். சம்ப் மட்டம் இறங்க வேண்டும், இல்லையா? இறங்காது, ஏ.டி.ஓ. விடாது. குறைந்ததை ஆவியானதாக நினைத்துக்கொண்டு நல்ல தண்ணீரை விட்டு மட்டத்தைச் சரி செய்துவிடும். அதனால் உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. உப்புத் தண்ணீர் போன இடத்தில் நல்ல தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கும்.

இது எங்கே போய் நிற்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: டிரம்மின் உப்பளவு × உள்ளே வருவது ÷ வெளியே போவது. பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் கடைசியில் 31.5இல் போய் நிற்கும். நாளுக்கு 4 லிட்டர் மாற்றினாலும் 1 லிட்டர் மாற்றினாலும் நிற்கும் இடம் அதேதான், அதிகம் மாற்றினால் சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான். வெளியே போவதில் ஸ்கிம்மரின் 100 மி.லி.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரப்பு பம்ப் அதிகம் தந்தால் இதே கணக்கில் உப்பு ஏறும். அப்போது ஏ.டி.ஓ. அடிக்கடி சும்மா இருக்கும்.

மேசையில் அளந்தது செல்லாது. பம்ப் இருக்கும் இடத்திலேயே, குழாய் போகும் உயரத்திலேயே அளக்க வேண்டும். இரண்டு பம்ப்பையும் தனித்தனியாகப் பத்து நிமிடம் ஓட்டி அளவுக் குடுவையில் பிடியுங்கள். நிரப்பு பம்ப்பை இரண்டு தடவை அளக்கணும்: டிரம் நிறைந்திருக்கும்போது ஒன்று, அடியில் கொஞ்சம்தான் இருக்கும்போது இன்னொன்று. அளந்து முடித்ததும் கழிவுக் குழாயின் முனையை உலர்ந்த டம்ளரில் அரை மணி விட்டுவையுங்கள். பம்ப் நின்றபின்னும் சொட்டினால் ரோலர் ட்யூபை முழுசாக நசுக்கவில்லை, தண்ணீர் தானாகவே கீழே இழுபட்டு சைஃபனாக ஓடுகிறது.

ஒயர்க்காரன்:

நேரக் கணக்கில் ஓட்டுவதே தப்பு என்பேன். டி.சி. மோட்டார் வேகம் வோல்டேஜுக்கும் சுமைக்கும் ஏற்ப மாறும். ஸ்டெப்பர் (சுற்றை எண்ணி ஓடும் மோட்டார்) போடுங்கள், இல்லையென்றால் மிதவை சுவிட்ச் வைத்து மட்டத்தால் அளங்கள். ஏ.டி.ஓ.வை நிறுத்து, கீழ் மிதவை வரை வடி, மேல் மிதவை வரை நிரப்பு, ஏ.டி.ஓ.வைத் திரும்பப் போடு. ட்யூப் தேய்ந்தாலும் கவலையில்லை.

பழைய சம்ப்:

ஒயர்க்காரரே, ஸ்டெப்பருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சுற்று எண்ணிக்கை துல்லியமாக இருந்து என்ன, ஒரு சுற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது ட்யூப் கையில்தான். மிதவை முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மேல் மிதவை ஏ.டி.ஓ. சென்சார் மட்டத்துக்கு 3 மி.மீ. கீழே உட்கார்ந்தால் போதும். ரிட்டர்ன் அறை (சம்ப்பில் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் பகுதி) 30 × 35 செ.மீ. என்றால் அது 315 மி.லி. ஒவ்வொரு தடவையும் அவ்வளவு உப்புத் தண்ணீருக்குப் பதில் நல்ல தண்ணீர் வரும். அந்த முறையில் போவதென்றால் நிரப்பலை முடித்து வைப்பதும் ஏ.டி.ஓ. சென்சாராகவே இருக்கட்டும், இன்னொரு மிதவை வேண்டாம். தினமும் இல்லாமல் வாரம் ஒருமுறை பெரிதாக மாற்றுகிறவர்களுக்கு அது நல்ல வழி.

நீலத்தொட்டி:

அளந்துவிட்டேன். பத்து நிமிடத்துக்கு:

கழிவு பம்ப் 850 மி.லி.
நிரப்பு பம்ப், டிரம் நிறைந்திருக்கும்போது 810 மி.லி.
நிரப்பு பம்ப், டிரம் அடியில் 700 மி.லி.

டம்ளரில் ஒரு சொட்டும் இல்லை, சைஃபன் கிடையாது. இன்னொன்று கவனித்தேன். டிரம்மில் தண்ணீர் குறைந்திருக்கும்போது நிரப்பு ட்யூபில் ஊசிமுனை அளவு காற்றுக் குமிழிகள் வரிசையாக ஏறிப் போகின்றன. பம்ப் தலையைத் திறந்து பார்த்தால் உறிஞ்சும் பக்கம் ரோலர் போகும் இடத்தில் ட்யூப் தட்டையாகி, விரலால் விட்டாலும் முழு வட்டத்துக்குத் திரும்ப மாட்டேன் என்கிறது. கழிவு பம்ப் ட்யூப் அவ்வளவு மோசமில்லை.

பழைய சம்ப்:

கேட்டது கிடைத்துவிட்டது. நிரப்பு பம்ப்பின் சராசரி 755, கழிவு 850. நாளுக்குக் கிட்டத்தட்ட 460 மி.லி. பற்றாக்குறை, ஸ்கிம்மரைச் சேர்த்தால் 560. ஆறு வாரத்துக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் 2 பி.பி.டி. அப்படியே வரும்.

இரண்டு பம்ப்பும் ஒரே மாதிரிதான், ஆனால் பார்க்கும் வேலை வேறு. கழிவு பம்ப் பக்கத்திலிருக்கும் சம்ப்பிலிருந்து எடுத்துக் கீழே தள்ளுகிறது. நிரப்பு பம்ப் தரையிலிருந்து மேலே உறிஞ்ச வேண்டியிருக்கிறது. ரோலர் கடந்ததும் ட்யூப் தானாக விரிந்தால்தான் அடுத்த வாய்த் தண்ணீர் உள்ளே வரும். களைத்துப்போன சிலிக்கான், உறிஞ்சும் இழுப்புக்கு எதிராக முழுசாக விரியாது. டிரம் காலியாகக் காலியாக இழுப்பு கூடும், அளவு குறையும். குமிழி வருவது உறிஞ்சும் பக்க இணைப்பு தளர்ந்ததால். அங்கே தண்ணீர் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் ஈரத்தைத் தேடினால் கிடைக்காது.

செய்ய வேண்டியவை. நிரப்பு பம்ப்பைக் கேபினட்டிலிருந்து கழற்றி டிரம்மின் அடி மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அடியில் ஒரு வால்வு வைத்துத் தண்ணீர் தானாக பம்ப்புக்கு வரும்படி செய்தால் இன்னும் நல்லது. பம்ப் தள்ளட்டும், உறிஞ்ச வேண்டாம். இரண்டு பம்ப் ட்யூபையும் ஒரே சுருளிலிருந்து வெட்டி ஒரே நாளில் மாற்றுங்கள். சிலிக்கானுக்குப் பதில் பம்ப்புக்கென்றே வரும் சான்டோப்ரீன் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) வகை அதிக நாள் உழைக்கும். புது ட்யூப் முதல் சில மணி நேரம் அளவு மாறும், சும்மா ஓடவிட்டுப் பழக்கியபின் அளங்கள். அளந்தபின் நொடிக் கணக்கில் சரி செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே நேரம் என்று இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் தொடங்குவது சேர்ந்தே தொடங்கட்டும், ஒன்று முடிந்து இன்னொன்று என்று வைத்தால் நடுவில் ஏ.டி.ஓ. விழித்துக்கொள்ளும்.

நூறு சதவீதம் சமமாக்க மெனக்கெட வேண்டாம். ஸ்கிம்மரையும் சேர்த்து நூற்றுக்கு 2 குறைவு என்றால் தொட்டி 34.3இல் நிற்கும். டிரம்மை 35.7ஆகக் கலந்தால் 35 வந்துவிடும். விகிதம் நிலையாக இருக்கும்வரைதான் இந்தத் தந்திரம் பலிக்கும். இப்போது உங்களுக்கு இருப்பதுபோல வாரா வாரம் நகர்ந்தால் உதவாது.

உப்புக்காற்று:

தொட்டியை 35க்கு ஏற்ற அவசரப்பட்டு உப்பை அள்ளிக் கொட்டாதீர்கள். நீர் மாற்றை நிறுத்திவிட்டு, ஏ.டி.ஓ. கேனில் நல்ல தண்ணீருக்குப் பதில் 35 பி.பி.டி. உப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். நாளுக்கு 4 லிட்டர் ஆவியானால் தொட்டி நாளுக்கு அரை பி.பி.டி.க்குச் சற்றுக் குறைவாக ஏறும், நாலைந்து நாளில் வந்துவிடும். 35 வந்த அன்றே கேனை மாற்ற மறக்காதீர்கள், அலாரம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயர்க்காரன்:

என் ஸ்டெப்பரைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை, போகட்டும். ஆனால் ஒன்றைக் கேட்டே ஆகணும். டிரம் காலியானால் உங்கள் போர்டு என்ன செய்கிறது?

நீலத்தொட்டி:

ஒன்றும் செய்யாது. நான்தான் பார்த்து நிரப்புவேன்.

ஒயர்க்காரன்:

அப்படியென்றால் இதுவரை நடந்தது சின்ன விஷயம். ஊருக்குப் போன நேரத்தில் டிரம் வறண்டால் கழிவு பம்ப் பாட்டுக்கு ஓடும். மூன்று நாளில் 12 லிட்டர் உப்புத் தண்ணீர் போய் 12 லிட்டர் நல்ல தண்ணீர் வரும், ஏறக்குறைய 1.4 பி.பி.டி. காலி. டிரம்மின் அடியில் ஒரு மிதவை வைத்து, அது விழுந்தால் *இரண்டு* பம்ப்பும் நிற்கும்படி செய்யுங்கள். மென்பொருளில் மட்டும் வேண்டாம், இரண்டு பம்ப்புக்கும் பொதுவாகப் போகும் 12 வோல்ட் கம்பியை ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக அந்த மிதவையே வெட்டட்டும். போர்டு தொங்கிப் போனாலும், பம்ப் ரிலேயின் முனை ஒட்டிக்கொண்டாலும் அது காப்பாற்றும். சம்ப்பிலும் மேலே ஒன்று வெள்ளத்துக்கு. நத்தை ஏறி உட்காராமல் துளை போட்ட குழாய்த் துண்டால் மிதவையை மூடுங்கள்.

முடிந்தால் கழிவையும் நேராகக் குழாயில் விடாமல் ஒரு கேனில் பிடித்து, அது நிறைந்தால் நிற்கும்படி வையுங்கள். மிஞ்சிப் போனால் அந்தக் கேன் அளவுதான் போகும்.

இன்னொன்று: ரிலே போர்டு லோ (பூஜ்ய வோல்ட்) சிக்னல் கிடைத்தால் இயங்கும் வகையா என்று பாருங்கள். ஈ.எஸ்.பி. ரீசெட் ஆகும் நொடிகளில் சில பின்கள் தாமாக லோவுக்குப் போகும், ரிலே டக்கென்று அடிக்கும். பின்னை மாற்றுங்கள், அல்லது அந்தப் பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். மின்சாரம் வரும் பாதையில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அதைப் போடுங்கள்.

நீலத்தொட்டி:

எல்லாருக்கும் நன்றி. நிரப்பு பம்ப் இப்போது டிரம் பக்கத்தில் தரையோடு இருக்கிறது, இரண்டுக்கும் புது ட்யூப். பழக்கியபின் அளந்தால் கழிவு 845, நிரப்பு 838. டிரம் அடியில் இருக்கும்போதும் 832க்குக் கீழே போகவில்லை. குமிழி நின்றுவிட்டது. நிரப்பு பம்ப்புக்கு அரை நொடி கூட்டி வைத்திருக்கிறேன். டிரம் மிதவை போட்டாயிற்று, தூக்கி இறக்கிப் பார்த்தேன், இரண்டும் நிற்கின்றன. ஆர்.சி.சி.பி. ஏற்கெனவே இருக்கிறது. ஏ.டி.ஓ. கேனில் உப்புத் தண்ணீர் ஊற்றித் தொட்டி 34ஐத் தாண்டிவிட்டது, ஹாமர் இன்று முக்கால்வாசி விரிந்திருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. டிரம்மின் சுவரில் வெள்ளையாகப் படிகிறதே, அதனால் ஏதாவது?

பழைய சம்ப்:

கால்சியம் கார்பனேட். கலந்த தண்ணீரை ஹீட்டர் போட்டு இரவும் பகலும் சுழற்றினால் படியும், அந்த அளவுக்கு ஆல்கலினிட்டி (பவளம் வளரத் தேவையான கார்பனேட் அளவு) குறைந்த தண்ணீர்தான் தொட்டிக்குப் போகும். ஹீட்டரை எடுத்துவிடுங்கள். அரை மணிக்கு 83 மி.லி. குளிர்ந்த தண்ணீர் 300 லிட்டரை ஒன்றும் செய்யாது. சுழற்சி பம்ப்பை நாளுக்குச் சில நிமிடம் மட்டும் டைமரில் ஓட்டுங்கள், மூடியை இறுக்கமாக வையுங்கள், இல்லையென்றால் டிரம்மும் ஆவியாகி உப்பு ஏறும். கலந்தபின் சில மணி நேரத்தில் பயன்படுத்தச் சொல்லும் உப்பு வகைகளும் உண்டு, உங்கள் பையில் அப்படி எழுதியிருந்தால் அந்த உப்பு இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவராது. படிந்ததை வினிகர் விட்டுக் கழுவிவிடலாம்.