20 வருஷப் பழைய ஃபைபர் போட்: டிரான்சத்தில் (இஞ்சின் மாட்டும் பின்சுவர்) விரிசல், வாங்கலாமா?

உபின்தூண்டில்:
19 அடி போட், 115 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு. சிங்கப்பூர் பொங்கோலில் கிடக்கிறது. இஞ்சின் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் பின்னால் இஞ்சின் போல்ட்டைச் சுற்றி மயிரிழை விரிசல். "மேல்பூச்சுதான், பாலிஷ் போட்டால் போய்விடும்" என்கிறார் விற்பவர். உபின் தீவுக்கும் தென்தீவுகளுக்கும் மீன்பிடிக்கப் போகத்தான். எதைப் பார்த்து முடிவு செய்வது?

அணியம்:
அந்த இடத்து விரிசலைப் பூச்சு என்று நம்பாதீர்கள். அந்த வயசுப் போட்டில் டிரான்சம் பெரும்பாலும் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட். போல்ட் ஓட்டையில் சீலன்ட் காய்ந்தால் தண்ணீர் இறங்கிப் பலகை மக்கும். அதில் தொங்குவதோ 160 கிலோவுக்குக் குறையாத இஞ்சின்.

இஞ்சினைப் பாதி தூக்கி, அதன் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொருவர் டிரான்சத்தின் மேல்விளிம்பையே பார்க்கட்டும். விளிம்பு அசைந்தாலோ, போல்ட் ஓரம் பழுப்புத் தண்ணீர் கசிந்தாலோ பேரம் பேசவே வேண்டாம். அசையவில்லையா? ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பலகை 'டக்' என்னும், ஊறியது 'தொப்' என்னும்.

சந்தேகம் தீர, உரிமையாளர் சம்மதத்தோடு உள்பக்கம் கீழ்மூலையில் 4 மில்லிமீட்டர் துளை போடுங்கள். தூள் வெளிறி உலர்ந்து வரவேண்டும். ஊறிய காபித்தூள் மாதிரி வந்தால் அழுகல். துளையை எபோக்சியால் அடைத்துவிடுங்கள்.

பில்ஜ்_பம்ப்:
அண்ணே சொன்னதோடு, தரைக்கடியில் இருக்கும் ஃபோமையும் பாருங்கள். தண்ணீர் குடித்த ஃபோம் மிதக்க உதவாது, எடைதான் ஏற்றும். கிரேனில் தூக்கும்போது எடையைக் கேட்டு, தயாரிப்பாளர் சொன்ன எடையோடு ஒப்பிடுங்கள். இஞ்சின், பெட்ரோல், சாமான் எல்லாம் கழித்துத்தான்.

போட்டுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்பில் 'மணிக்கு 500 கேலன்' என்று எழுதியிருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 31 லிட்டர். குழாய் மேலேறும் உயரத்துக்கு அதுவும் குறையும். நீர்மட்டத்துக்கு 30 செண்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். கணக்கு உங்களுக்கே புரியும். தண்ணீர் ஏறினால் பம்ப்பைத் தானே ஓடவைக்கும் மிதவை சுவிட்சை ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரியில் கொடுங்கள்; மெயின் சுவிட்சை அணைத்தாலும் ஓட வேண்டும்.

சாங்கி_நீரோட்டம்:
பொங்கோலிலிருந்து உபின் பக்கத்தில். தென்தீவுகளுக்கு சாங்கியைச் சுற்றிப் போகவேண்டும், கப்பல் அலை வேறு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலில் சுமத்ரா காற்று (இடிமழையோடு வரும் திடீர்க் காற்று) மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். பின்பக்கம் தாழ்ந்து நிற்கும் போட்டுக்குள் அலை ஏறுவது டிரான்சம் வழியாகத்தான். இரண்டு பேரைப் பின்னால் உட்காரவைத்து, தரையிலுள்ள வடிகால் துளை நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிறதா என்று கரையோரத் தண்ணீரிலேயே பாருங்கள்.