14 லட்சம் சம்பளம்: புதிய வரி முறைக்கு மாறினால் என்ன மிஞ்சும்?

கேள்வி (கோவை, பிப்ரவரி 2025)

வணக்கம். பிப்ரவரி 1 அன்று தாக்கலான பட்ஜெட்டில், புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்று அறிவிக்கப்பட்டதிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். என் ஆண்டுச் சம்பளம் 14 லட்சம். மனைவிக்கு வருமானம் இல்லை. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர், வயதான பெற்றோரும் எங்களுடன் இருக்கிறார்கள். பழைய முறையில் பி.எஃப்., பள்ளிக் கட்டணம், ஆயுள் காப்பீடு எல்லாம் சேர்த்து வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் 1,50,000, வீட்டுக் கடன் வட்டி 1,80,000, எங்களுக்கும் பெற்றோருக்குமான மருத்துவக் காப்பீடு 50,000 எனக் கழித்து வருகிறேன். ஏப்ரல் முதல் 12 லட்சம் போக மீதி 2 லட்சத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதுமா? கழிவு கிடைக்காதென்றால் இந்தக் காப்பீடுகளை நிறுத்திவிடலாமா?

பதில் 1

பலரும் இந்த இடத்தில்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வரி விலக்கு வரம்பு 4 லட்சம்தான். 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு வரும் 60,000 ரூபாய் வரையிலான வரியை அதே சட்டத்தின் 87ஏ பிரிவு தள்ளுபடி செய்வதால்தான் அது சுழியமாகிறது. அந்த வரம்பைத் தெளிவாகத் தாண்டிய உங்களுக்குத் தள்ளுபடி இல்லை. சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போக 13,25,000 ரூபாய்க்கும் அடுக்குப்படி கணக்கிட வேண்டும். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 வரை 10, அதற்குமேல் 16 வரை 15 என்று போட்டால் 78,750. மேல்வரி 4 சதவீதத்துடன் 81,900. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, உங்கள் மற்றக் கழிவுகள் அனைத்தும் போக 9,70,000 ரூபாய்க்கு 1,10,760 வருகிறது. ஆகவே புதிய முறையில் 28,860 ரூபாய் மிச்சம். நிலையான கழிவு நீங்கலாக மற்றக் கழிவுகள் 5,18,750 ரூபாயைத் தாண்டினால்தான் உங்கள் சம்பளத்துக்குப் பழைய முறை லாபம்.

பதில் 2

காப்பீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2023-இல் புதிய முறைக்கு மாறிய வேகத்தில், இனி 80சி எதற்கு என்று நான்கு ஆண்டுகளாகக் கட்டிவந்த ஒரு பாலிசியைச் சரண் செய்தேன். கட்டியது 1,92,000, கைக்கு வந்தது ஏறத்தாழ அதில் பாதி. இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். வயதான பெற்றோருக்கு ஒருமுறை விட்டுப்போனால் புதிதாக எடுக்கும்போது காத்திருப்புக் காலம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி), செல்வமகள் திட்டம் ஆகியவற்றின் வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் புதிய முறையிலும் வரி இல்லை. போடும் தொகைக்கான கழிவு மட்டுமே போகிறது.

பதில் 3

ஒன்று விட்டுப்போயிற்று. புதிய முறையிலும், நிறுவனம் உங்கள் பெயரில் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் செலுத்தும் தொகைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு. அடிப்படைச் சம்பளம் 7 லட்சம் என்று கொண்டால், உங்கள் 14 லட்சத்துக்குள்ளேயே 98,000 ரூபாயை அப்படி மாற்றியமைத்தால் வரிக்குரிய வருமானம் 12,27,000 ஆகும். 12 லட்சத்துக்குச் சற்று மேலே இருப்பவரின் வரி, கூடுதலாகத் தாண்டிய தொகையை மிஞ்சக் கூடாது என்பதால் 27,000 மட்டுமே வரும், மேல்வரியுடன் 28,080. ஆனால் மாதச் சம்பளம் கையில் குறையும், அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஓய்வுக்காலம் வரை முடங்கியிருக்கும். வீட்டுக் கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் அதைத் தாங்குமா என்று மனைவியுடன் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. என்.பி.எஸ். வசதி எங்கள் நிறுவனத்தில் உண்டா என்று திங்கட்கிழமை கேட்கிறேன். பெற்றோரின் காப்பீட்டைப் புதுப்பிக்க மார்ச் 12 வரை நேரம் இருக்கிறது. இருந்தாலும் அதை இன்றே கட்டிவிடுகிறேன்.