தேன் கடலை கார்ன்ஃப்ளேக்ஸ்: பால் ஊத்துன உடனே கஞ்சி ஆயிடுது, என்ன பண்ணலாம்?

முத்தியால்பேட்டை மகா:
வணக்கம் மக்களே. லண்டன்ல இருக்குற என் நாத்தனார் போன மாசம் பாண்டி வந்தப்ப பெரிய டப்பா ஒண்ணு குடுத்துட்டுப் போனாங்க, தேன், சர்க்கரை, வேர்க்கடலை எல்லாம் பூசின கார்ன்ஃப்ளேக்ஸ். பிரிச்ச உடனே ஒரு கை அள்ளி வாயில போட்டேன், கடலை மிட்டாயை அப்பளமா தட்டுன மாதிரி மொறுமொறுன்னு அவ்ளோ நல்லா இருந்துச்சு. சரின்னு மறுநாள் காலைல பான்லே பாலைக் காய்ச்சி சுடச்சுட ஊத்திப் பையனுக்கு வெச்சேன். அவன் ஷூ மாட்டிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் தொளதொளன்னு ஆகி, கடலைத் துண்டெல்லாம் அடில போய், பால் பழுப்பாயி, "அம்மா இது கஞ்சியா"ன்னு கேக்குறான். இப்ப பத்து நாள் ஆச்சு, பால் ஊத்தாமலே நமுத்துப் போச்சு. நான் ஏதாவது தப்பு பண்றேனா இல்ல இதோட குணமே இப்படித்தானா? இன்னும் முக்கா டப்பா இருக்கு, கொட்ட மனசு வரல.

திருப்பாதிரிப்புலியூரான்:
சுடு பால்தாம்மா காரணம். 1994ல கெல்லாக்ஸ் நம்ம நாட்டுக்கு வந்த புதுசுல எங்க வீட்லயும் இதே கூத்துதான். நம்ம ஊர்ல பால்னாலே காய்ச்சி சூடா குடிக்கிறது, பச்சைப் பாலை யாரு கிண்ணத்துல ஊத்துவா? எங்கப்பா ஒரு ஸ்பூன் வாயில வெச்சுட்டு "இதுக்கு நீராகாரமே தேவல"ன்னு எழுந்து போயிட்டார், அன்னையோட அந்த டப்பா பரண் மேல போனதுதான். நீ வெச்சிருக்க வகை, க்ரஞ்சி நட்னு 1980லயே இங்கிலாந்துல வந்துடுச்சு. மேல இருக்குறது பாகுதான், சூடு பட்டா கரையாம என்ன செய்யும்? பாலை ராத்திரியே காய்ச்சி ஆறவெச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுடு. காலைல பையன் ஷூ எல்லாம் மாட்டிட்டு வந்து உக்காந்தப்புறம் அவன் கண்ணு முன்னாடி ஊத்து, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா.

லாஸ்பேட்டை சுமதி:
அண்ணன் சொன்னது பாலுக்கு. பால் ஊத்தாமலே நமுத்துப் போறதுக்கு நம்ம கடக்காத்துதான் காரணம், முத்தியால்பேட்டைல கேக்கவே வேணாம், தேனும் சர்க்கரையும் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும். அட்டை டப்பாலயே கிளிப் போட்டு வெச்சிருப்பீங்க, சரியா? முறுக்கு போட்டு வைக்கிற டின்ல மாத்துங்க, ஈரக்கைய உள்ள விடாதீங்க. இப்ப நமுத்துப் போனதை அடி கனமான வாணலில போட்டு சிம்ல ரெண்டு மூணு நிமிஷம் பிரட்டுங்க. வாசனை வந்த உடனே இறக்கிடணும், தேன் இருக்கே, லேசா விட்டா கருகி கசக்கும். சூடா இருக்கப்ப மெத்துன்னுதான் இருக்கும், பயந்துடாதீங்க, தட்டுல பரப்பி ஆறவெச்சா மொறுமொறுப்பு வந்துடும். நல்லா ஆறுன அப்புறம்தான் மூடணும்.

பண்ருட்டி மல்லாட்டை:
மகா அக்கா, டப்பா பின்னாடி சர்க்கரை எவ்ளோன்னு பாத்தீங்களா? இந்த வகைல 100 கிராமுக்கு சுமார் 35 கிராம் இருக்கும். பையன் 30 கிராம் சாப்பிட்டா ரெண்டரை டீஸ்பூன் சர்க்கரை கணக்கு, அதுக்கு மேல நீங்க பால்ல வேற சர்க்கரை போட்டீங்கன்னா போச்சு.

இத வீட்லயே பண்ணிக்கலாம். சாதா கார்ன்ஃப்ளேக்ஸ் ரெண்டு கப், வறுத்துத் தோல் எடுத்து ஒண்ணு ரெண்டா உடைச்ச மல்லாட்டை (அதான் வேர்க்கடலை) அரை கப், கொஞ்சம் வெண்ணெய், ரெண்டு ஸ்பூன் தேன். தேனையும் வெண்ணெயையும் சிம்ல உருக்கி, நுரை கட்டுனதும் மத்ததைக் கொட்டிப் பிரட்டி இறக்குங்க. எங்க ஊர்க்காரன் முந்திரியும் போடுவான், அது தனிக் கதை.

ஒரே எச்சரிக்கை. மார்க்கெட்ல லூஸ்ல கிடைக்கிற மிக்சர் கார்ன்ஃப்ளேக்ஸை வாங்கிடாதீங்க, அது எண்ணெய்ல பொரிச்சுத் திங்கிற பச்சை மக்காச்சோள அவல். நான் விலை கம்மியா இருக்கேன்னு அரைக் கிலோ வாங்கிட்டு வந்து பால்ல ஊறப்போட்டு பல்லு போகப் பாத்துச்சு, வீட்ல இன்னைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க.

முத்தியால்பேட்டை மகா:
எல்லாருக்கும் நன்றி. சுமதி அக்கா சொன்ன மாதிரி வறுத்தேன், முதல் ஈடு கருகிடுச்சு (போன் வந்துச்சு, பேசிட்டே இருந்துட்டேன்), ரெண்டாவது ஈடு சூப்பர். ஜில்லுன்னு பால் ஊத்துனா பையன் கிண்ணத்தைக் காலி பண்ற வரைக்கும் மொறுமொறுப்பு நிக்குது. ஆனா சர்க்கரை கணக்கு பாத்தப்புறம் வாரத்துல ரெண்டு நாள்தான்னு சொல்லிட்டேன், மத்த நாள் இட்லி. டின் எங்க வெச்சாலும் மாமியார் கண்டுபிடிச்சு சாயந்திரம் டீயோட கொறிக்கிறாங்க, அதனால இன்னும் ஒரு வாரம் கூட வராது. தீந்ததும் மல்லாட்டைல பண்ணிப் பாத்துட்டு சொல்றேன்.