நோன்பு வச்சுக்கிட்டு கஞ்சிக்கு உப்பு பார்க்கிறது எப்படி?

தொண்டிக்காரன் (ஷார்ஜா) கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும்.

எங்க ரூமில் ஆறு பேர். போன வருஷம் வரைக்கும் நோன்புக் கஞ்சி காய்ச்சினது அதிராம்பட்டினத்துக் காக்கா (எங்க பக்கம் அண்ணனை அப்படித்தான் சொல்வோம்) ஒருத்தர். அவர் ஊருக்கே திரும்பிப் போயிட்டார். இந்த வருஷம் கஞ்சி என் பொறுப்புன்னு ஐந்து பேரும் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்க. என்னை யாரும் கேக்கல. நோன்பு மாசத்தில் இங்கே வேலை நேரம் ரெண்டு மணி குறையும், நான் மூணரைக்கெல்லாம் ரூமுக்கு வந்துடுவேன், அதுதான் காரணம். காக்கா இறால் வாடாவும் சுட்டுத் தருவார். அது என்னால ஆகாதுன்னு முன்னாடியே சொல்லிட்டேன்.

"தேராவுல நம்ம ஆளுங்க பள்ளிவாசல்ல கஞ்சி குடுக்கிறாங்களே, போய் வாங்கு"ன்னு யாரும் சொல்லாதீங்க. சாயங்காலம் ஷார்ஜாவிலிருந்து துபாய் போய்த் திரும்புறதுன்னா நடு ரோட்டில் காருக்குள்ளதான் நோன்பு திறக்கணும்.

என் சந்தேகம் ஒண்ணே ஒண்ணுதான். எந்த வீடியோவைப் பார்த்தாலும் கடைசியில் "உப்பு சரிபார்த்து இறக்குங்க"ன்னு முடிக்கிறாங்க. நோன்பு வச்சிருக்கிறவன் எதை வச்சு சரிபார்க்கிறது? ரூமில் ஆறு பேருமே நோன்பாளி. குழம்பு உப்பு முன்ன பின்ன இருந்தா சோத்தில் பிசையும்போது சரியாயிடும். கஞ்சி அப்படியா? பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணி, அடுத்தது கஞ்சி. பதிமூணு மணி நேரம் காய்ஞ்ச நாக்கில் அதுதான் முதல் உப்பு. ஆறு பேர் முகத்தையும் நான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.

அளவு, அரிசி, தேங்காய்ப்பால் பவுடர் இதெல்லாமும் சொன்னா நல்லது. கஞ்சி மசாலா பாக்கெட் வாங்குன்னு சொல்றவங்க மன்னிக்கணும். அது எல்லாக் கஞ்சியையும் ஒரே கஞ்சியா ஆக்கிடுது.

---

கீழக்கரை ராத்தா:

வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி.

கல்யாணம் ஆகி வந்த முதல் நோன்பில் இதையேதான் என் மாமிகிட்ட நான் கேட்டேன். "உப்பை ஏன்டி பாக்கணும், அளந்து போடு"ன்னு சொல்லிட்டு அவங்க அஸர் (சாயங்காலத் தொழுகை) தொழப் போயிட்டாங்க. எங்க வீட்டில் நோன்பு மாசத்துக்குன்னே உப்புக் கரண்டி தனி. மத்த மாசமெல்லாம் கையால் அள்ளிப் போடுற பொம்பளைங்க, நோன்பு பிறந்தா கரண்டிக்கு மாறிடுவோம்.

ஆறு பேருக்குக் கணக்குச் சொல்றேன், எழுதிக்கோ. உடைச்ச பச்சரிசி 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. தண்ணி 12 டம்ளர். ஆட்டுக் கைமா 150 கிராம் போதும், கஞ்சியில் கறி தட்டுப்படணும், கறியில் கஞ்சி தட்டுப்படக் கூடாது. தூள் உப்பு முக்கால் மேசைக்கரண்டி, தலை தட்டினது. தராசு இருந்தா 13 கிராம். கல்லுப்பு வச்சிருந்தா கரண்டியால் அளக்காதே. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இடைவெளி இருக்கும், கரண்டி ரொம்பினாலும் எடை குறையும். அதை நிறுத்துத்தான் போடணும்.

பாதி உப்பை வெங்காயம், தக்காளி வதக்கும்போதே போட்டுடு. மீதியைத் தேங்காய்ப்பால் ஊத்துறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போடு. இப்ப கவனி, அளவு சரியா இருந்தும் கஞ்சி கரிக்கிறதுக்குக் காரணம் உப்பு இல்லை, தண்ணி. நீ பாட்டுக்கு அடுப்பில் வச்சுட்டு ஓதிக்கிட்டோ ஃபோனை நோண்டிக்கிட்டோ இருப்பே, அங்கே தண்ணி வத்தியிருக்கும், போட்ட உப்பு அப்படியே நிக்கும். அதனால எல்லாத் தண்ணியும் ஊத்தினதும் மரக் கரண்டியை நேரா உள்ளே நிறுத்து. எது வரைக்கும் நனையுதோ அங்கே கத்தியால் ஒரு கீறல் போட்டுக்க. கொதிச்சு மட்டம் இறங்கினா சுடுதண்ணி ஊத்தி, அந்தக் கீறலுக்கு ஒரு விரல்கடை கீழ வரைக்கும் கொண்டு வா. மிச்ச இடம் தேங்காய்ப்பாலுக்கு. அப்புறம் உன் நாக்குக்கு அங்கே வேலையே கிடையாது.

முறை இதுதான். எண்ணெய்யும் நெய்யும் காஞ்சதும் பட்டை, கிராம்பு, ஏலம், ஒரு துண்டு ரம்பை இலை (இலங்கைக்காரங்க கடையில் கேளு, அங்கே கட்டாயம் இருக்கும்). பிறகு வெங்காயம், இஞ்சிப்பூண்டு, தக்காளி, கைமா, மல்லி புதினா, கொஞ்சம் மஞ்சள். தண்ணி ஊத்தி, அது தளைச்சதும், ஊற வச்ச அரிசி, பருப்பு, வெந்தயம் மூணையும் போடு. உரிச்ச பூண்டு பத்துப் பல்லை முழுசா போட மறந்துடாதே. அரிசி மலர்ந்து, கரண்டியால் தட்டினா கரையுற பதம் வரணும். தேங்காய்ப்பால் பவுடரை வெதுவெதுப்பான தண்ணியில் கட்டியில்லாமக் கரைச்சு ஒரு டம்ளர், தீயை நல்லாக் குறைச்சுட்டு ஊத்து. ஓரத்தில் நுரை கட்டினதும் இறக்கிடு. தளபுளன்னு கொதிக்க விட்டா திரிஞ்சு எண்ணெய் தனியா நிக்கும்.

நோன்பில் நாக்கு ஓய்வில் இருந்தாலும் மூக்கு ரெண்டு ஆள் வேலை பார்க்கும். அஸருக்கு மேல எங்க தெருவில் நடந்தா, எந்த வீட்டில் இஞ்சிப்பூண்டு பச்சை வாடை போறதுக்கு முன்னாடியே தண்ணி ஊத்திட்டாங்கன்னு என்னால சொல்ல முடியும். சொல்ல மாட்டேன், நோன்பில் புறம் பேசக் கூடாது. என் பெரிய மாமி ஒருத்தங்க கஞ்சி ஆவியை முகர்ந்தே உப்பு குறைவா கூடவான்னு சொல்வாங்க. உப்புக்கு ஏது வாடைன்னு நான் நம்பினதில்லை. ஆனா அவங்க சொல்லித் தப்பினதும் இல்லை.

உப்பு பார்க்க ஆளே இருக்காதுன்னும் நினைக்காதே. நாலு பொம்பளைங்க இருக்கிற வீட்டில் எப்படியும் ஒருத்திக்கு அன்னிக்கு நோன்பு இருக்காது. ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கரண்டியில் கொஞ்சம் எடுத்து அவ கையில் கொடுப்போம், அவ அந்தப் பக்கம் திரும்பிக் குடிச்சுட்டுத் தலையை ஆட்டுவா. அப்புறம் அரை நோன்புப் பிள்ளைங்க இருக்கு. லுஹருக்கே (மதியத் தொழுகை) நோன்பு திறந்துட்டு, அஸருக்கு நமக்கு உப்பு பார்த்துச் சொல்லும். அதுங்களை ரொம்ப வருஷம் நம்ப முடியாது. எட்டு வயசு ஆச்சுன்னா ஒருநாள் கரண்டியைத் தள்ளிட்டு "நானும் நோன்பு"ன்னு சொல்லிடும். எங்க சின்னவன் அப்படிச் சொன்ன அன்னிக்கு எனக்குச் சந்தோஷமாவும் இருந்துச்சு, உப்புக்கு ஆள் போச்சேன்னும் இருந்துச்சு.

உன் ரூமில் ரெண்டு வகையும் கிடையாது. அதனால கரண்டிதான் உனக்கு.

முகத்தைப் பார்த்துக்கிட்டு உக்காரணுமேன்னு எழுதியிருக்கே. எங்க வீட்டில் சஹனை (சேர்ந்து சாப்பிடுற பெரிய தட்டு) சுத்தி உக்காந்த யாரும் உப்பைப் பத்தி வாய் திறக்கிற பழக்கம் இல்லை. ரசூலுல்லாஹ் எந்தச் சாப்பாட்டையும் குறை சொன்னதில்லை, பிடிச்சாச் சாப்பிட்டாங்க, பிடிக்கலைன்னா விட்டுட்டாங்கன்னு ஹதீஸ் இருக்கு. எங்க மாமா அதை அப்படியே கடைப்பிடிச்சவங்க. கஞ்சி கரிச்சா "எலுமிச்சை இருக்கா?"ன்னு மட்டும் கேப்பாங்க. அன்னிக்கு மாமி முகத்தைப் பார்க்கணும்! நீயும் ஒரு எலுமிச்சையை வெட்டி முன்கூட்டியே வச்சுடு, கேக்கிற நிலைமையே வராது.

---

ஓதுற பிள்ளை:

ராத்தா சொன்ன கரண்டி முறைதான் பேணுதல். ஆனாலும் அண்ணன் நினைக்கிற அளவு நெருக்கடி இல்லை. சமைக்கிறவர் தேவை இருந்தா நாக்கில் வச்சு ருசி பார்த்துட்டுத் துப்பிடலாம், நோன்பு முறியாது. தொண்டையில் இறங்கினா முறிஞ்சுடும். தேவை இல்லாம சும்மா ருசி பார்க்கிறது மக்ரூஹ், அதாவது தவிர்க்க வேண்டியது. கடற்கரை ஊர்களில் நாம ஷாஃபி, உள்நாட்டுப் பக்கம் ராவுத்தமார்கள் ஹனஃபி, ரெண்டு மத்ஹபிலும் (மார்க்கச் சட்டப் பிரிவு) சட்டம் இப்படித்தான். பானையில் இருக்கிறதை ருசி பார்க்கிறதில் தவறில்லைன்னு இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் நோன்புப் பாடத்தில் வருது.

எங்க மதரஸா உஸ்தாத் இதைச் சொல்லிக் குடுத்துட்டு ஒரு வார்த்தை சேர்ப்பாங்க: "சட்டம் துப்பலாம்னு சொல்லுது, அஸர் நேரத்துக் கஞ்சி துப்ப விடுமான்னு உன் நஃப்ஸை (மனசை) கேட்டுக்க."

---

பண்டாரி மகன் (திருச்சி):

எங்க அத்தா பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுற பண்டாரி (சமையல்காரர்). நான் விடுமுறையில் துடுப்புப் போடுறவன். அங்கே எப்படின்னு சொல்றேன்.

காலையில் பதினோரு மணிக்கு விறகு மூட்டிடுவோம். ஒரு தேக்சாவுக்கு (பெரிய அண்டா) பத்துக் கிலோ அரிசி. 2001-லேர்ந்து பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்கான பச்சரிசி அரசாங்கமே குடுக்குது, மத்த சாமான் ஜமாஅத்தும் ஊர்க்காரங்களும். "இன்னிக்குக் கஞ்சி இன்னார் வீட்டு உபயம்"னு நோன்பு பிறக்கிறதுக்கு முன்னாடியே பட்டியல் நிரம்பிடும். பத்துக் கிலோவுக்கு அத்தா போடுறது முக்கால் கிலோ கல்லுப்பு. ராத்தா டம்ளருக்குச் சொன்ன கணக்கும் இதுவும் ஒத்துப் போறதைப் பார்த்து அத்தாவே சிரிச்சுட்டாரு.

உப்பு பார்க்க எங்களுக்கு ஆள் இருக்கு. விறகு தள்ற அண்ணன் இந்து. தேக்சாவை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் அவருக்குப் போகும். அவர் ஊதி ஊதிக் குடிக்கிற வரைக்கும் நாங்க அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கிட்டு நிப்போம். ஒருநாள் வேணும்னே ரொம்ப நேரம் யோசிச்சுட்டு "இன்னொரு கிண்ணம் குடிச்சாத்தான் தெரியும்"னாரு.

2020-ல ஊரடங்கில் பள்ளியில் காய்ச்சக் கூடாதுன்னு ஆயிடுச்சு. அரிசியைப் பொட்டலம் போட்டு வீடு வீடாக் குடுத்தோம். அந்த மாசம் பூரா அத்தாவுக்கு ஃபோன்: "பாய், ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு உப்பு?" பத்துக் கிலோவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ற மனுஷன், ஒரு டம்ளருக்குச் சொல்லத் தெரியாம முழிச்சாரு. கடைசியில் அம்மாகிட்ட ஃபோனைக் குடுத்துட்டுப் போயிடுவாரு.

ஒண்ணு கவனிங்க. பள்ளியில் அஸருக்கு இறக்குறப்ப கஞ்சி நல்லாத் தண்ணியா இருக்கும். தூக்குவாளியில் வாங்கிட்டுப் போறவங்க "என்ன பாய் ஓடுது"ம்பாங்க. மஃரிபுக்குள்ள (நோன்பு திறக்கிற நேரம்) தானா இறுகி, குடிக்கிற பதத்துக்கு வந்துடும். நீங்களும் பார்த்ததும் சரின்னு தோணுற பதத்தில் இறக்காதீங்க, அதைவிட இளக்கமா இறக்குங்க. இல்லன்னா பாங்கு சொல்றப்ப பொங்கல் மாதிரி நிக்கும்.

---

காத்தான்குடியான்:

எங்கட பக்கம் தேங்காய்ப்பால் இன்னும் கூட. முதற்பால் மட்டும் கடைசியா விடுவம். ராத்தா சொன்ன எலுமிச்சைய நாங்க தேசிக்காய் எண்டு சொல்லுவம், கோப்பைக்குள்ள ரெண்டு துளி பிழிஞ்சா உப்புக் கூடினது தெரியாது, குறைஞ்சதும் பெரிசாத் தெரியாது. உப்பு எப்பவும் ஒரு சொட்டு குறைய விடுங்க. பக்கத்தில கடிக்கிற சமோசா, ரோல்ஸ் எல்லாத்திலயும் உப்பு இருக்குதானே.

---

தொண்டிக்காரன்:

ஜஸாக்கல்லாஹ் எல்லாருக்கும். ராத்தா, மரக் கரண்டியில் கீறல் போட்டாச்சு. அது காக்கா விட்டுட்டுப் போன கரண்டி. கழுவிப் பார்த்தா ஏற்கெனவே அதில் ரெண்டு கீறல் இருக்கு. இவ்வளவு நாளும் அது உடைசல்னு நினைச்சிருந்தோம். இப்ப எந்தக் கீறல் எந்தச் சட்டிக்குன்னு அவர்கிட்ட ஃபோனில் கேக்கணும்.

இன்னொரு சந்தேகம். ரூமில் இருக்கிறது பாஸ்மதி மட்டும்தான், அஞ்சு கிலோ பை. அதை உடைச்சுப் போடலாமா? பச்சரிசி நொய் வாங்க வெள்ளிக்கிழமைதான் போக முடியும்.

---

கீழக்கரை ராத்தா:

போடலாம். கழுவி, வடிகட்டி, துணியில் கொஞ்ச நேரம் காய வச்சு மிக்சியில் ஒரே ஒரு சுத்து. மாவாக்கிடாதே. பாஸ்மதி நம்ம பச்சரிசி மாதிரி குழையாது, பத்து நிமிஷம் கூட வேகட்டும், அதுக்கேத்த மாதிரி சுடுதண்ணி பக்கத்தில் இருக்கட்டும். வாசனை அரிசிங்கிறதால அன்னிக்கு மட்டும் ஏலத்தைக் குறைச்சுக்க.

காக்காகிட்ட பேசும்போது வாடாவுக்கும் சேர்த்துக் கேட்டுடு. ஆகாது ஆகாதுன்னா எப்படி, முப்பது நாள் இருக்குல்ல.