திருகோணமலைக் கச்சான் அல்வாவுக்காகச் சேர்ந்தவர்கள்: நம் அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:

திருகோணமலையில் வயதான ஐயாவும் அம்மாவும் வீட்டிலேயே கச்சான் அல்வா போட்டு விற்கிறார்கள்; வேர்க்கடலையைச் சீனிப் பாகில் இறுக்கிச் செய்யும் இனிப்பு அது. அவர்கள் அதை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு பத்திரகாளி அம்பாள் கோயிலடியில்தான் முதலில் கிளம்பியது. "இந்தச் சிவராத்திரியோடு சரி, பிள்ளை. இனி உடம்பு கேட்காது" என்று அம்மா ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னாராம். கோணேசப் பெருமான் நகர்வலம் வந்து முடிவதற்குள் ஊர் முழுவதும் செய்தி போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் தொலைபேசியில் அழைத்து, "உண்மையா?" என்று கேட்டார்கள்.

உடனே நடந்தது இதுதான்: எல்லோரும் ஓடிப்போய் வாங்கினோம். ஒருவர் பத்துப் பெட்டி, இன்னொருவர் இருபது பெட்டி. வாசலில் வரிசை நின்றது. ஐயாவும் அம்மாவும் விடியற்காலையிலிருந்து இரவு வரை அடுப்படியிலேயே நின்றார்கள். அந்த வாரம் முடியும்போது ஐயாவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தங்களை விரும்பியவர்களின் கூட்டமே அவர்களைக் களைக்கவைத்ததைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

பிறகு கையெழுத்துச் சேகரித்தோம். கடல்முக வீதிக் கடைகளில், பள்ளிக்கூட வாசல்களில், பஸ் நிலையத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களவர் என்று பாராமல் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போய் ஐயாவிடம் கொடுத்தோம். அவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு கேட்டார்: "இதில் எத்தனை பேர் கார்த்திகை, மார்கழியில் வாங்குவீர்கள்?"

யாரும் பதில் சொல்லவில்லை. நம்முடைய முயற்சி முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்துதான் வேறு திசையில் திரும்பியது.

கச்சான் அல்வா திருவிழாவோடு பிறந்த பண்டம். மாசியில் சிவராத்திரி, பங்குனியில் கோணேஸ்வரத் திருவிழா, ஆனியில் தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயில், ஆடி ஆவணியில் வெருகல் முருகன். அந்த மாதங்களில் விற்பனைக்குக் குறைவில்லை. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் வாடைக்காற்றின் ஈரம் பாகை இளக்கிவிடும். ஒடிய வேண்டிய துண்டு கையில் ஒட்டும். கோயில் வீதியில் கூட்டமும் இருக்காது. ஆனாலும் வீட்டு வாடகையும் விறகுக்காரனின் கணக்கும் மழைக்காலத்தில் நிற்பதில்லை. 2022 நெருக்கடியில் சீனி விலை ஏறியது. சமையல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றோம். கச்சானின் விலையும் சேர்ந்து ஏறியது. அந்த ஆண்டில் வாங்கிய கடனைத் தீர்க்கத்தான் இவ்வளவு காலமும் இழுத்து நடத்தினார்களாம். பிள்ளைகள் வெளிநாட்டில். தொழிலை எடுத்துச் செய்ய ஆளில்லை.

நம்மில் சிலர் பிரித்தானியாவின் விஸ்பா சாக்லேட்டை உதாரணம் காட்டினீர்கள். 2003 இல் நிறுத்தப்பட்ட அது, இணையத்தில் இரசிகர்கள் எழுப்பிய குரலால் 2007 இல் திரும்பி வந்தது உண்மைதான். கிளாஸ்டன்பரி இசைவிழா மேடையிலேயே பதாகையோடு ஏறினார்கள். ஆனால் அங்கே ஆலை இருந்தது, செய்முறை ஏட்டில் இருந்தது, சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். வாங்க ஆளிருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதுமாக இருந்தது.

நமக்கு நெருக்கமான கதை அமெரிக்காவின் நெக்கோ வில்லைகள். 1847 இல் தொடங்கிய இனிப்பு அது. 2018 இல் ஆலை மூடப்படலாம் என்ற செய்தி வந்ததும் மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். கடையில் எஞ்சியிருக்கும் வில்லைகளுக்குப் பதிலாகத் தன் பழைய காரையே தருகிறேன் என்றார் ஒரு பெண். அத்தனை அன்பு இருந்தும் அந்த ஆண்டு ஜூலையில் ஆலை மூடப்பட்டது. வேறொரு நிறுவனம் உரிமையை வாங்கிப் பழைய பதத்தைப் பிடித்து மீண்டும் கடைக்குக் கொண்டுவர 2020 ஆகிவிட்டது. இயந்திரத்தில் செய்யும் பண்டத்துக்கே அந்த நிலை என்றால், ஓர் அம்மாவின் கண்ணிலும் ஓர் ஐயாவின் தோளிலும் இருக்கும் பண்டம் ஒருமுறை நின்றால் எங்கே போய்த் தேடுவது?

ஆகவே அன்றைக்கே இரண்டு காரியங்களைத் தீர்மானித்தோம். மழை மாதங்களுக்கு முன்பணம் கட்டிய ஓடர் சேர்ப்பது ஒன்று. தொழிலைப் பழகுவதற்கு ஆள் கொண்டுவருவது மற்றொன்று.

ஓடர் சேர்ப்பது நினைத்ததைவிட எளிதாக இருந்தது. கல்யாண வீட்டுப் பையில் கச்சான் அல்வா வைக்கச் சொன்னோம். பூப்புனித நீராட்டு விழாவுக்குச் சொன்னோம். நிலாவெளி, உப்புவெளித் தங்குமிடங்களில் தேநீரோடு ஒரு துண்டு வைக்க இரண்டு முதலாளிமார் சம்மதித்தார்கள். அவர்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரும் காலம் மே முதல் செப்டெம்பர் வரைதான், ஆனால் அந்தப் பணம் மழைக்காலச் சீனிக்கு உதவியது. கடைகளில் வைப்பதென்றால் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின்படி பொதியில் சேர்மானம், நிறை, திகதி எல்லாம் இருக்க வேண்டும். சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வீட்டுக்கே வந்து எதை எப்படி எழுத வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அவருக்கு நாம் எல்லோரும் நன்றி சொல்ல வேண்டும்.

பழகிய பிள்ளையின் கதையை அவரே எழுதட்டும். மற்றவர்களும் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

*

கிண்ணியாவிலிருந்து:

பாலம் வருவதற்கு முன்பு நாங்கள் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில், ஏறித்தான் திருகோணமலைக்கு வருவோம். 2009 இல் பாலம் திறந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு தெரியாது. வாப்பா நகரத்துக்குப் போனால் திரும்பும்போது பழுப்புத் தாளில் சுற்றிய கச்சான் அல்வா கட்டாயம் இருக்கும். பாதை கரை சேர்வதற்குள் பாதி முடிந்துவிடும் என்பதால் உம்மாவுக்கென்று தனிச் சுருள் கட்டுவார்.

ஐயாவின் வீட்டுக்கு நான் நேரில் போனது இந்த முயற்சி தொடங்கிய பிறகுதான். "தம்பி, கிண்ணியாவா? உங்கள் ஊரில் ஒருவர் எப்போதும் இரண்டு சுருளாகக் கட்டச் சொல்வார்" என்றார். வேறு யாராகவும் இருக்கலாம். இருந்தாலும் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உடனே எழ முடியவில்லை. நோன்புப் பெருநாளுக்குச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கும் பெட்டிகளுக்கு எங்கள் தெருவிலிருந்து முன்பணம் சேர்த்துக் கொடுத்தேன். இப்போது மூதூரிலிருந்தும் கேட்கிறார்கள்.

*

தம்பலகாமத்திலிருந்து:

எங்கள் கோயில் திருவிழாவில் அம்மாவின் கடை வைக்கும் இடத்தில் வேறு யாரும் கடை போடுவதில்லை. அந்த வருடம் அவர் வரப் பிந்தியபோது, பக்கத்தில் மணலில் கச்சான் வறுக்கும் ஆச்சி தன் சுளகை வைத்து இடம் பிடித்திருந்தார். போட்டிக் கடைக்காரிதான். "அவள் வராவிட்டால் எனக்கு என்ன திருவிழா?" என்றார். இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

*

டொரொன்ட்டோவிலிருந்து:

நான் பணம் அனுப்புகிறேன் என்றேன். ஐயா மறுத்துவிட்டார். "பிச்சைக்கு அல்வா போடவில்லை, அல்வாவுக்குத்தான் காசு" என்றார். எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு இங்குள்ள பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, மழை மாதங்களில் ஊரில் உள்ள முதியோர் இல்லத்துக்கும் முன்பள்ளிக்கும் அல்வா கொடுக்கும்படி ஓடர் செய்தோம். அதை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டார். பற்றுச்சீட்டு எழுதிப் படம் எடுத்தும் அனுப்பினார். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதையே செய்யுங்கள். பெட்டியை இங்கே தருவிக்கும் செலவில் அங்கே எத்தனையோ பிள்ளைகள் சாப்பிடலாம்.

ஒரு கருத்து வேறுபாடும் உண்டு. இயந்திரம் வாங்கிக்கொடுத்தால் என்ன என்று இங்கே பலர் கேட்கிறார்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே பல பேர் செய்கிறார்கள், ஊரின் பெயரும் வாழ்கிறது. நம் ஊரிலும் அப்படி வளரக்கூடாதா?

*

பாலையூற்றிலிருந்து:

பழகுவதற்குப் போனவள் நான்தான். இயந்திரம் பற்றி அண்ணா கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தோல் நீக்குவதற்கும் துண்டு போடுவதற்கும் இயந்திரம் வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன். பாகுக்கு வேண்டாம்.

முதலில் கச்சானை மணலில் வறுக்க வேண்டும். நெருப்பு சற்றுக் கூடினாலும் பருப்பின் உள்ளே கருகிவிடும், வெளியே தெரியாது. ஆறியதும் கையால் தேய்த்துச் சுளகில் புடைத்தால் தோல் பறக்கும். பூஞ்சணம் பிடித்த பருப்பு ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது என்பதில் அம்மா மிகவும் கண்டிப்பானவர். அது கசப்பதோடு உடம்புக்கும் கேடு. வெளிச்சத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்க்கச் செய்வார். வேலையில் பாதி நேரம் இதற்கே போகும், முதுகு விட்டுப்போகும்.

பிறகு தாச்சியில் சீனியும் கொஞ்சம் தண்ணீரும். கொதி வந்ததும் தேசிக்காய்ச் சாறு சில துளிகள். அது இல்லாவிட்டால் பாகு மறுபடி சீனியாகப் பூத்துவிடும். கரைந்த பிறகு அகப்பை போட்டுக் கலக்கக்கூடாது. ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்தால் முதலில் உருளும், பிறகு வளையும், அதன்பின் ஒடியும். ஒடிந்த பிறகு இன்னும் ஒரு மூச்சு பொறுக்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் பதம். அந்த ஒரு மூச்சை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டேன். "கொப்புளம் சத்தம் மாற்றும், கேள்" என்றார். உண்மையாகவே மாறுகிறது. தண்ணீர் வற்ற வற்றக் கொப்புளம் பெரிதாகி, வெடிப்பது மெதுவாகிறது. வானம் மூடியிருக்கும் நாளில் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் காய்ச்ச வேண்டும். அதை எந்த அளவுமானியும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அவர்தான் சொல்லித்தந்தார்.

வேர்க்கொம்பு (சுக்கு)த் தூளும் கச்சானும் போட்டு ஒரே கிளறு, எண்ணெய் தடவிய பலகையில் கொட்டி உருளையால் அழுத்தி, சூடு இருக்கும்போதே வெட்டு. ஐயாவின் தோள் போனது இந்த இடத்தில்தான். இறுகிக்கொண்டிருக்கும் பாகை அழுத்துவது அப்படிப்பட்ட வேலை. இப்போது உருளையை நானும் என் தோழியும் பிடிக்கிறோம். ஐயா கதிரையில் உட்கார்ந்து, "இந்த ஓரம் தடிப்பு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

எங்களுக்குக் கூலி உண்டு என்பதையும் எழுத வேண்டும். சேவைக்காக வந்து போகிறவர்கள் இரண்டு மாதத்தில் களைத்துப்போவார்கள் என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். முன்பணத்திலிருந்து முதலில் எங்கள் கூலியைத்தான் ஒதுக்குகிறார். ஆனபடியால் விலை கூடியது. விலை கூடிவிட்டது என்று குறைப்படுகிறவர்களிடம் ஒன்று சொல்கிறேன்: முன்பு விலை குறைவாக இருந்ததற்குக் காரணம், இரண்டு வயதானவர்கள் தங்கள் உழைப்புக்குக் காசு எடுக்காமல் இருந்ததுதான்.

*

உவர்மலையிலிருந்து, மீண்டும்:

பிள்ளை எழுதியதை ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தேசிக்காய்ச் சாற்றின் கணக்கை எழுதவில்லையே" என்று கேட்டார். வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்றேன். அதைக் கேட்டு அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

டொரொன்ட்டோ அண்ணாவின் கேள்வி நல்ல கேள்வி. பல வீடுகளில் கச்சான் அல்வா செய்யும் நிலை வர வேண்டும் என்பதுதான் என் ஆசையும். அதற்கு முதலில் இந்த அடுப்பு அணையாமல் இருக்க வேண்டும். அடுத்த தையிலிருந்து இன்னும் இருவரைச் சேர்க்கலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். சம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். விருப்பமுள்ளவர்கள் நேரில் போய்ப் பேசுங்கள். காலை வேளையில் போகாதீர்கள், பாகு அடுப்பில் இருக்கும்.

கார்த்திகைக்கும் மார்கழிக்கும் ஓடர் எழுதும் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு மூன்று பெட்டிக்கு மேல் எழுதுவதில்லை. மழைக்காலமாகையால் இறுக்கமாக மூடும் தகரப் பேணி கொண்டுவருகிறவர்களுக்கு அதிலேயே போட்டுத் தருவார்கள். முன்பணத்தை ஐப்பசி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள், சீனி மூட்டை அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும்.